வாசற்படிச் சமையல்

'தடால்' என்று எழுந்த சத்தத்தில், மாடி போர்ஷன் ஜாஸ்மின் பல் தேய்க்கும் பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே படியிறங்கி ஓடிவந்தாள். சத்தம் ஒன்றோடு நிற்கவில்லை. எவர்சில்வர் குண்டான் ஒன்று சமையலறையிலிருந்து உருண்டு, கூடத்தைக் கடந்து, வாசலில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரில் இடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி அடங்கியது. அதன் பின்னாலேயே வெந்த பருப்பு மஞ்சள் கோடாக வழிந்து வந்தது. கோட்டின் மறுமுனையில், தலையில் ஈரத்துண்டு அவிழ்ந்து கிடக்க, கோகிலவாணி விழுந்திருந்தாள்.

"டேய் குப்பு! உம் பொண்டாட்டியப் பார்றா! யாரும் கெடையாதா இந்த வூட்ல?" என்று மாமியார் தாயாரம்மாள் கட்டிலிலிருந்தே அலறினாள். முழங்கால் தேய்ந்துபோனதால் அவளால் சட்டென்று எழ முடியாது.

குப்புராஜ் பாதி பொத்தான் போட்ட சட்டையோடு ஓடிவந்தான். வந்தவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பருப்பை மிதித்து வழுக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஜாஸ்மின் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். விசில் இல்லாமலே விசில் அடிக்கிற குரல். அந்தக் குரலில் குப்புராஜையும் அவன் தம்பி சிவகுமாரையும் விரட்டினாள்.

"அண்ணா, அக்காவோட கால தூக்கிப் புடிங்க. தலையத் தூக்காதீங்க. சிவா, ஃபேன் போடு. ஆட்டோவுக்கு சொல்லு!"

கோகிலவாணி கண் விழித்தபோது முதலில் தெரிந்தது மின்விசிறி. அடுத்து, ஜாஸ்மின் வாயோரத்துப் பற்பசை நுரை.

"பருப்பு பூரா போச்சா?" என்றாள்.

"பருப்பு போனா போவுது. நீ இருக்கியா, அதச் சொல்லுக்கா."

விஷயம் இதுதான். கோகிலவாணிக்கு நாற்பத்திரண்டு வயது. ஒரே மகள் ஜீவிதா வேலூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு வந்தால் லேசில் நிற்பதில்லை. மூன்று நாளில் முடிந்துகொண்டிருந்தது, ஒன்பது நாள் பத்து நாள் என்று இழுத்தது. அவள் சொந்த ஊர் குன்றத்தூர்ப் பக்கம் இதைப் 'பெரும்பாடு' என்பார்கள். அன்று காலைதான் ஒருவழியாக நின்று, தலைக்குக் குளித்து, அடுப்படிக்குள் காலை வைத்தாள். அந்த வீட்டில் தலைக்குக் குளிக்காமல் அடுப்படிக்குள் போகக் கூடாது. ஊர்ப் பொன்னியம்மனின் நகைப்பெட்டி தலைமுறையாக அந்த வீட்டில்தான் இருக்கிறது. அதை வைத்திருக்கும் அலமாரி சமையலறைக்குள் இருக்கிறது. முடிச்சூரில் நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் மாடியாகி, குப்புராஜும் ஏரைப் போட்டுவிட்டுச் செங்கல் ஜல்லி சிமெண்டு விற்க வந்துவிட்டான். நகைப்பெட்டி மட்டும் இடம் மாறவில்லை.

ஆகவே விலக்கு முடிந்த அன்று, அத்தனை நாளாகக் குவிந்த வேலை வாசலிலேயே நின்று அவளை வரவேற்கும். அன்றும் வரவேற்றது. பாதியிலேயே கண் இருட்டிவிட்டது.

செய்தி கேட்டு வண்டலூரிலிருந்து குப்புராஜின் அக்கா கன்னியம்மா ஷேர் ஆட்டோ பிடித்து வந்து இறங்கினாள். ஒரு கையில் பிளாஸ்க், மறு கையில் தீர்ப்பு.

"நான் தான் அப்பவே சொன்னேன் இல்ல? கர்ப்பப்பைய எடுத்துடுடீன்னு. நான் எடுத்துக்கல? அந்த நர்சிங் ஹோம்ல தேதியே குடுத்துட்டாங்கோ. நீ தான் பொங்கிகினு வந்துட்டே. ஒரு புள்ள பெத்தாச்சு, இனிமே அத வெச்சிகினு இன்னா பண்ணப் போறே?"

இதே பேச்சைக் கோகிலவாணி பலரிடம் கேட்டுவிட்டாள். சிமெண்டைக் கொட்டிய பிறகு சாக்கைச் சுருட்டி மூலையில் போடுவதுபோல எல்லோரும் பேசினார்கள். அவளுக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. எடுக்கத்தான் வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வேண்டுமா என்று யாரும் இதுவரை சரியாகப் பார்க்கவில்லையே!

ஜாஸ்மின் அவளைத் தாம்பரத்தில் தனக்குத் தெரிந்த லேடி டாக்டரிடம் கூட்டிப்போனாள். ரத்தம், ஸ்கேன், தைராய்டு, கர்ப்பப்பை உள்சவ்வுப் பரிசோதனை என்று ஒரு வாரம் அலைந்தார்கள். எல்லா முடிவுகளும் வந்த பிறகு டாக்டர் குப்புராஜையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். கன்னியம்மா கூப்பிடாமலே உட்கார்ந்துகொண்டாள்.

"பயப்படற மாதிரி எதுவும் இல்ல. கட்டி இல்ல. இந்த வயசுல ஹார்மோன் ஏறி இறங்கும், அதுல வர்ற ரத்தப்போக்குதான் இது. ஆனா ரத்தம் ஏழரைதான் இருக்கு."

"ஏழரையா? சனி புடிச்ச மாரி கீதே டாக்டர்" என்றான் குப்புராஜ்.

"சனி இல்லீங்க, சாப்பாடு. அந்த நாட்கள்ல என்னம்மா சாப்பிடுவீங்க?"

"இன்னா வாங்கியாராங்களோ அதான், டாக்டர். பரோட்டா சால்னா. காலைல பன்னு, டீ."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தம் போற நாள்ல பரோட்டாவா?"

"நான் அடுப்படிக்குப் போவ மாட்டேன் டாக்டர். எங்க வூட்டுப் பழக்கம். முன்ன அத்தை செய்வாங்க. இப்ப அவங்களால நிக்க முடியல."

"மத்த நாள்ல யார் சமைக்கிறது?"

"நான் தான்."

"அப்போ உங்களுக்கு யார் சமைக்கிறது?"

 குப்புராஜ் சுவரில் தொங்கிய மருந்துக் கம்பெனிக் காலண்டரை உற்றுப் பார்த்தான். அதில் ஒரு குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். போக்கு மிஞ்சிப்போகிற நாளுக்கு மட்டும் வேறொரு மாத்திரை. கேழ்வரகு, முருங்கைக்கீரை, ஈரல், பேரீச்சை என்று வாயால் சொன்னார். கீரை சாப்பிட்டால் எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளவேண்டும், சாப்பிட்ட கையோடு டீ குடிக்கக் கூடாது, முதல் இரண்டு நாள் படுக்க வேண்டும்.

"எங்கம்மா வூட்ல வாழப்பூ, அத்திப்பிஞ்செல்லாம் செய்வாங்க டாக்டர். செய்யலாமா?"

"தாராளமா. நல்ல சாப்பாடுதானே, யார் வேணாம்னாங்க? ஆனா மாத்திரைய நிறுத்தக் கூடாது. எவனாவது சூரணம் குடுத்தா வாங்கி விழுங்கக் கூடாது. நாப்கின் மணிக்கு ஒண்ணு நனைஞ்சா உடனே இங்க வரணும். தை மாசம் திரும்பப் பார்ப்போம். ரத்தம் பத்து தாண்டி, நாளும் குறைஞ்சிருந்தா ஆபரேஷன் பேச்சையே எடுக்க வேண்டாம்."

வெளியே வந்ததும் கன்னியம்மா விரலை ஆட்டினாள். "தை வரைக்கும் தான், கோகிலா. அப்புறம் நான் சொல்றபடி கேக்கணும். ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன் அண்ணி" என்றாள் கோகிலவாணி. சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். அதே வாரத்தில் அவளுக்கும் விலக்கு வந்தது. குப்புராஜுக்குத் திடீரென்று பொறுப்பு பொங்கி, மழையில் நனைந்துகொண்டே தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பை நிறைய வாங்கிவந்தான். வந்து, பெரிய சாதனை செய்தவன்போல மேசைமேல் பரப்பினான். எள்ளுருண்டை ஒரு டப்பா. கருஞ்சீரகப் பொடி. நன்றாகப் பழுத்த பப்பாளி ஒன்று.

"எல்லாம் இயற்கை. கடைக்காரரு கியாரண்டி குடுத்துட்டாரு. ரெண்டே நாள்ல சரியாப் பூடுமாம்."

கோகிலவாணி எள்ளுருண்டையைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். "மாமா, கடைக்காரராண்ட இன்னா சொல்லி வாங்குனே?"

குப்புராஜ் தலையைச் சொறிந்தான். "கட பூரா பொம்பளைங்க நிக்கிறாங்க. எப்டி ஒடச்சி சொல்றது? 'லேடீஸ் மேட்டர், மாசா மாசம் வர்றது, அது சரியா இல்ல'ன்னேன். அவரு காதாண்ட வந்து 'எத்தினி நாளாச்சு?'ன்னாரு. 'ஒம்பது நாளு'ன்னேன். 'கவலையே படாதீங்க'ன்னு இத்த எடுத்துக் குடுத்தாரு."

கட்டிலில் இருந்த தாயாரம்மாளுக்கு விளங்க ஒரு நொடி ஆனது. விளங்கியதும் கையைத் தலையில் வைத்தாள்.

"அடப்பாவி! ஒம்பது நாளு தள்ளிப் போயிருச்சுன்னு குடுத்துருக்கான்டா! எள்ளும் பப்பாளியும் வராதவளுக்குக் குடுக்கறது! இங்க ஏரிக் கரை ஒடஞ்சி ஓடிகினு கீது, நீ போயி மதகு தொறக்கற சாவி வாங்கியாந்துருக்கியே!"

கோகிலவாணி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க வயிறு வலித்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அந்த வீட்டில் அவள் சிரிப்பு கேட்டது. குப்புராஜ் முதலில் முறைத்தான், பிறகு அவனாலும் முடியவில்லை. எள்ளுருண்டை டப்பா கடைக்குப் போய், லோடு இறக்கும் தினகரன் கோஷ்டியிடம் அரை மணியில் காலியானது. பப்பாளியைக் கொழுந்தன் சிவகுமார் தின்றான்.

"இங்க பாரு" என்றாள் தாயாரம்மாள், சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு. "அம்மன் பொட்டி அங்க கீது. படியத் தாண்டி அவ உள்ள போவக் கூடாது. அத நான் மாத்திக்க மாட்டேன். ஆனா படிக்கு இந்தாண்ட நாற்காலி போட்டுக் குந்திகினு இன்னா வேணா சொல்லட்டும். வாய்க்குத் தீட்டு கெடையாது. செய்யிறவன் செய்யட்டும்."

"செய்யிறவன்னா யாரும்மா?" என்றான் குப்புராஜ் பலவீனமாக.

"நாட்டு மருந்துக் கடைக்குப் போனவன் தான்."

மறுநாள் காலை, சமையலறை வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி விழுந்தது. கோகிலவாணி வெந்நீர்ப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குப்புராஜ் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே நின்றான். நாற்பத்தேழு வருடமாகச் சாப்பிட்ட வீட்டில் உப்பு டப்பா எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மேல் தட்டுல மாமா. அது சோடா உப்பு. பக்கத்துல."

"எல்லாம் வெள்ளையாவே வெச்சிருந்தா எப்டிடி?"

"உங்க கடைல எல்லாம் சாம்பலாவே கீதே, அது எப்டி?"

கேழ்வரகு அடைதான் முதல் நாள் உத்தரவு. மாவு, உருவிய முருங்கைக்கீரை, வெங்காயம், பச்சை மிளகாய். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசையச் சொன்னாள். அவன் சொம்போடு கவிழ்த்தான்.

"கலவ லூசாயிடுச்சு. இன்னும் ஒரு மூட்ட மாவு போடவா?"

"மூட்டையா? ஒரு கைப்பிடி போடுய்யா!"

பத்து நிமிடத்தில் அவனுக்கே அது பிடிபட்டுவிட்டது. மண்ணும் சிமெண்டும் பார்த்த கை, பதம் தெரிந்த கை. மாவை உருட்டி, "இப்ப இத சொவுத்துல அடிச்சா ஒட்டும் பாரு" என்று பெருமையாகக் காட்டினான். அடையைத் தட்டியது மட்டும் தரை பூசுகிற மாதிரி ஒரே சமமாக, விளிம்பு நேராக வந்தது. கோகிலவாணி ஒரு வாய் பிட்டுப் போட்டாள். உப்பு தூக்கல். ஆனாலும் சூடான அடை, தனக்காக இன்னொருவர் தட்டியது. கல்யாணமாகி இருபது வருடத்தில் புருஷன் கையால் அவள் சாப்பிட்ட முதல் அடை அது. கண் கலங்கியதற்குப் பச்சை மிளகாய் மேல் பழியைப் போட்டாள்.

"எப்டி கீது?" என்றான் அவன்.

"எலுமிச்சம்பழம் புழியல" என்றாள் அவள்.

அந்த மாதம் நாள் குறையவில்லை. ஆனால் தலைக்குக் குளித்து எழுந்தபோது கண் இருட்டவில்லை. பாத்திரம் குவியவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய அதிசயம். சிவகுமார் துலக்கியிருந்தான். அதில் பாதி மறுபடி துலக்கவேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

கார்த்திகையில் வாழைப்பூ வந்தது. சும்மா வரவில்லை, தினகரன் அவன் அத்தை தோட்டத்திலிருந்து சாக்குப் பையில் கொண்டுவந்தான். வாழைப்பூவைச் சமைப்பது பெரிதில்லை. ஒவ்வொரு பூவாகப் பிரித்து, நடுவில் குச்சிபோல நிற்கும் வேகாத நரம்பை உருவி எடுக்க வேண்டும். அந்த நரம்புக்குக் கள்ளன் என்று பெயர். எடுக்க எடுக்கக் கை கறுத்துப்போகும். குப்புராஜ் கடைக்குப் போகவேண்டியிருந்ததால் அந்த வேலை சிவகுமார் தலையில் விழுந்தது. அவனுக்குக் கேளம்பாக்கம் பக்கம் ஐ.டி. கம்பெனி. மழைக்கு வீட்டிலிருந்தே வேலை.

லேப்டாப்பைத் திறந்து வைத்து மீட்டிங் கேட்டுக்கொண்டே, மோர்க் கிண்ணத்தில் பூவை நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தவன், கவனம் தப்பி உரக்கக் கத்தினான்.

"அண்ணி! கள்ளன் எல்லாத்தையும் புடிச்சுட்டேன்! அடுத்து இன்னா?"

லேப்டாப்பில் பேச்சு நின்றது. ஒரு பெண் குரல் மெதுவாக, "சிவகுமார், ஆர் யூ ஓகே? வீட்ல திருடனா?" என்றது.

மைக்கை அணைக்கத் தேடிய விரலெல்லாம் வாழைப்பூப் பிசின். வேறு வழியில்லாமல் அவன் உண்மையைச் சொன்னான். "இல்ல மேடம், வாழைப்பூ. அண்ணிக்கு பீரியட்ஸ்ல ஹெவி பிளீடிங். ப்ளட் கம்மி. அதான் க்ளீன் பண்றேன்."

சொல்லிவிட்டு, தான் சொன்னது காதில் விழுந்து, முகம் சிவந்து உட்கார்ந்தான். வாசற்படி நாற்காலியில் கோகிலவாணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கம்பெனி முழுக்கத் தன் சமாசாரம் போய்விட்டதே!

அந்தப் பெண் குரல் சிரிக்கவில்லை. "வெரி குட். எனக்கும் இதே தொல்லைதான். மீட்டிங் முடிஞ்சதும் எப்படிச் செய்யறதுன்னு மெசேஜ் பண்ணுங்க" என்றது.

"அண்ணி, எங்க மேனேஜர்" என்றான் சிவகுமார் பிரமித்துப்போய். "மூணு வருஷமா வெரி குட்டே சொன்னதில்ல."

ஈரலும் சுவரொட்டியும் மாடியில் ஜாஸ்மின் அடுப்பில் வெந்தன. அம்மன் பெட்டி இருக்கும் இடத்தில் கார்த்திகையில் கவுச்சி கூடாது என்று தாயாரம்மாள் சொல்லிவிட்டாள். ஆட்டின் மண்ணீரலுக்குத்தான் சுவரொட்டி என்று பெயர், ரத்தம் ஊற அதைவிட எதுவும் கிடையாது என்பது அந்தப் பக்கத்துக் கறிக்கடைக்காரர்கள் அத்தனை பேரும் சொல்கிற பாடம். ஜாஸ்மின் மிளகும் சின்ன வெங்காயமும் தட்டிப்போட்டு வறுத்தாள். வாசனை படியிறங்கி வந்து தாயாரம்மாளின் கட்டிலைச் சுற்றியது.

"ஏம்மா டீச்சரு, அது இன்னா வாசன? நான் மேல ஏறி வரவா?"

"கார்த்திகைல கூடாதுன்னீங்களே பாட்டி?"

"வூட்ல கூடாதுன்னேன். மாடி வாடகைக்கு வுட்ட எடம். அது உன் வூடு."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சாக, தாயாரம்மாள் மாடி ஏறினாள். அன்று மருந்து நோயாளிக்கு ஒரு பங்கும் மாமியாருக்கு இரண்டு பங்குமாகப் பிரிந்தது.

அந்த மாதம் ஏழாம் நாள் நின்றது. மார்கழியில் இன்னும் சுருங்கியது. கோகிலவாணிக்குப் படியேறினால் மூச்சு வாங்கவில்லை. நகத்தில் கொஞ்சம் ரோஸ் நிறம் வந்திருப்பதை ஜாஸ்மின்தான் முதலில் பார்த்தாள். மாத்திரையும் நிற்கவில்லை, நாற்காலியும் நிற்கவில்லை. குப்புராஜ் இப்போது உப்பை எடுக்கக் கண்ணால் பார்ப்பதில்லை, கை தானாகப் போனது. கடையில் யாராவது வீடு கட்டுகிறவர் வந்து உட்கார்ந்தால், ஜல்லி விலைக்கு நடுவே, "சார், வூட்ல அம்மாவுக்கு ரத்தம் எப்டி கீது? செக் பண்ணீங்களா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தான். இரண்டு பேர் பயந்துபோய் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மனைவியையே அழைத்துக்கொண்டு வந்தார்.

ஆனாலும் தை நெருங்க நெருங்கக் கோகிலவாணிக்கு உள்ளுக்குள் படபடப்பு. உடம்பு சொல்வது வேறு, எண் சொல்வது வேறு. பத்து வராமல் ஒன்பதரையில் நின்றுவிட்டால்? கன்னியம்மாவுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பொங்கலன்று பானை பொங்கியபோது எல்லோரும் 'பொங்கலோ பொங்கல்' என்று கூவினார்கள். அவள் வாய்க்குள் 'பத்து, பத்து' என்று சொல்லிக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். மறுநாள் டாக்டர் அறைக்குள் இந்தத் தடவை ஒரு கூட்டமே நுழைந்தது. கன்னியம்மா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "பத்து புள்ளி எட்டு."

"பத்தர மேல!" என்று குப்புராஜ் துள்ளி எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஜாஸ்மின் விரலை வாயில் வைத்து நிஜமாகவே விசிலடித்தாள். வெளியே காத்திருந்த கர்ப்பிணி ஒருத்தி கதவைத் திறந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போனாள்.

"ஆபரேஷன், டாக்டர்?" என்று கோகிலவாணி மெல்லக் கேட்டாள்.

"எதுக்கு? நல்லா இருக்கிறதை எதுக்கு எடுக்கணும்? மாத்திரைய இன்னும் கொஞ்ச மாசம் தொடருங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டுங்க. மறுபடி மிஞ்சினா அப்ப பார்ப்போம். இப்படியே சாப்பிடுங்க." பிறகு குப்புராஜைப் பார்த்து, "நீங்க இப்படியே சமைங்க" என்றார்.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் கன்னியம்மா பிளாஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டாள். சண்டை போடுவாளோ என்று எல்லோரும் தயாராக இருந்தார்கள். அவள் பிளாஸ்க் மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

"அண்ணி, கோவமா?" என்றாள் கோகிலவாணி.

"கோவம் இன்னாடி கோவம்." கன்னியம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "எனக்கும் இப்டித்தான் போச்சு. எடுத்தா சனியன் வுட்டுதுன்னாங்கோ, எடுத்துட்டேன். வேணுமா வேணாமான்னு கேக்கணும்னே எனக்குத் தெரியல. எங்கூட்டு ஆளு அப்ப ஒரு தம்ளர் வெந்நி வெச்சிக் குடுக்கல, தெரியுமா?"

கோகிலவாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுவரை அந்தக் கையை விரலை ஆட்டுகிற கையாகத்தான் அவள் பார்த்திருந்தாள்.  பிறகு கன்னியம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தம்பியைப் பார்த்துக் கத்தினாள்: "டேய் குப்பு! இன்னிக்கு அந்த வாழப்பூ வடைய எனக்கும் செஞ்சி போடுடா. சாப்புடாம நான் வண்டலூர் போவப் போறதில்ல!"

அன்று அவன் செய்த வடை வட்டமாக இல்லை, செங்கல் வடிவத்தில் இருந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. வாடகைக்காரர்கள், தினகரன் கோஷ்டி, தெருக்கோடி இஸ்திரிக் கடைக்காரர் வரைக்கும் ஆளுக்கு ஒன்று கிடைத்தது. எதற்கு இந்த வடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் தாயாரம்மாள் கட்டிலிலிருந்தே அறிவித்தாள்: "எம் மருமவளுக்கு ரத்தம் ஏறிடுச்சு!"

தை கடைசியில் மறுபடி விலக்கு வந்தது. சமையலறை வாசலில் சிவப்பு நாற்காலி விழுந்தது. வெளியே மழை ஓய்ந்த வெயில், கொடியில் உலரும் துணி, கூடத்தில் நல்லெண்ணெய் வாசனை. குப்புராஜ் உள்ளே அத்திப்பிஞ்சுக் கூட்டு செய்துகொண்டிருந்தான். வாயில் ஏதோ பாட்டு. கோகிலவாணி கால்மேல் கால் போட்டுக்கொண்டு, மகளோடு போனில் பேசிக்கொண்டு, இடையிடையே "பெருங்காயம்" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாள்.

நான்காம் நாள் சுத்தமாக நின்றுவிட்டது. கோகிலவாணிக்கு நம்பவே முடியவில்லை. எழுந்து போய்த் தலைக்குக் குளித்துவிட்டு வந்து சொல்லவேண்டியதுதான். எழுந்தாள். அடுப்படியிலிருந்து கணவன் எட்டிப்பார்த்து, "கோகிலா, நாளைக்கு வெந்தயக்கீர வாங்கியாரவா, அரக்கீர வாங்கியாரவா?" என்றான்.

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "அரக்கீர" என்றாள்.

ஐந்தாம் நாள் அரைக்கீரை வந்தது. மசித்து, பூண்டு தட்டிப்போட்டு, எலுமிச்சை பிழிந்து, தட்டோடு நாற்காலிக்கு வந்தது. ஆறாம் நாள் அவளுக்கு மனசு குத்தியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணுக்கு நேரே அம்மன் பெட்டி. பார்வையைத் திருப்பிக்கொண்டாள். நாளைக்குக் கட்டாயம் குளித்துவிடவேண்டும் என்று முடிவு செய்துகொண்டிருந்தபோது, கம்பை ஊன்றிக்கொண்டு தாயாரம்மாள் மெல்ல நடந்துவந்தாள். இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். குப்புராஜ் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான், காதில் விழாது.

"ரெண்டு நாளாச்சு இல்ல, நின்னு?" என்றாள் தாயாரம்மாள், அவளைப் பார்க்காமலே.

கோகிலவாணிக்கு வியர்த்துவிட்டது. "அத்த... அது வந்து... இன்னிக்கே தலைக்கு ஊத்திக்கிறேன் அத்த. அவருகிட்ட சொல்லாதீங்க. நான் வேணும்னு..."

அவள் எழப்போனாள். தாயாரம்மாள் அவள் தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பொக்கை வாய் கொள்ளாத சிரிப்போடு மருமகள் காதருகே குனிந்தாள்.

"குந்துடி சும்மா, எனக்கு மொத்தமா நின்னு போனதுக்கப்புறமும் நாலு வருஷம், மாசம் தவறாம மூணு நாளு நானும் இங்கதான் குந்திகினு இருந்தேன்... அம்மனுக்கு மட்டும் தான் தெரியும், அவ யாராண்ட போயி சொல்லப் போறா?"